பாஸ்வேர்ட் சரியா பிழையா எண்டு யாரிட்ட கேக்கிறது?

கணினிப் பக்கம் – வாசகர் கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை பக்கத்துல படிக்கிற, வேலை செய்யிற பிள்ளைகளிட்ட இருந்து இந்த முறை வந்த கடிதங்கள் கூடுதலா ஒரே விசயத்தைப் பற்றித்தான், லொகின், பாஸ்வேர்ட், புரோகிராமுக்குள்ள யூசரை சரிபாக்கிறது. அதால இந்த இதழ்ல வேற ஒண்டும் எடுக்கல்ல, இதையே ஆறுதலாக் கதைப்பம்.

கேள்வி: நான் எச்.என்.டி. ஐ.டி. படிக்கிறன். புரொஜெக்டுக்கு சி மொழியில ஒரு புரோகிராம் எழுதுறன். லேப்ல இருக்கிற உபுண்டு மெஷின்ல அக்கவுண்ட் வச்சிருக்கிற ஆக்கள் அதே பாஸ்வேர்டால என்ட புரோகிராமுக்குள்ளயும் வரணும். பாஸ்வேர்டுகள்ற ஹாஷை, அதாவது திருப்பி வாசிக்க ஏலாத மாதிரி மாத்தின வடிவத்தை, வச்சிருக்கிற ஷடோ ஃபைலைத் திறந்து, அந்த ஹாஷை எடுத்து கிரிப்ட் ஃபங்ஷனால ஒப்பிட்டுப் பாக்கிறன், வேலை செய்யுது. ஆனா சேர் இப்பிடிச் செய்யப்படாது எண்டுறார், ஏன் எண்டு விளங்கல்ல.
– மாணவி, சம்மாந்துறை

பதில்: தங்கச்சி, சேர் சொன்னது சரி. உங்கட புரோகிராம் வேலை செய்யிறது இண்டைக்கு, அந்த ஒரு மெஷின்ல, அந்த ஒரு செட்டிங்ல மட்டும்தான். நாளைக்கு லேப் பொறுப்பாளர் எல்லா அக்கவுண்டையும் ஒரு சேர்வருக்கு மாத்தி எல்டாப் (அக்கவுண்ட் விபரத்தை நெட்வேர்க்ல கேக்கிற முறை) வழியா லொகின் வச்சார் எண்டு வைங்க, ஷடோ ஃபைல்ல அந்த ஆக்கள்ற ஹாஷே இருக்காது, உங்கட புரோகிராம் எல்லாரையும் வெளியில நிப்பாட்டும். மறுபக்கம் அதவிட மோசம். ஒரு மாணவன் படிப்பு முடிச்சுப் போய்ட்டான், அட்மின் அவன்ட அக்கவுண்டுக்கு முடிவுத் திகதி போட்டு வச்சிருக்கார், அந்தத் திகதி ஷடோ ஃபைல்ல அதே வரியில வேற ஒரு கட்டத்துல கிடக்கு, நீங்க ஹாஷை மட்டும் எடுத்ததால அதைப் பாக்கவே இல்ல, சிஸ்டம் உள்ள விடாத ஆளை உங்கட புரோகிராம் உள்ள விட்டிரும். அதோட ஷடோ ஃபைலை வாசிக்க ரூட் உரிமை, அதாவது சிஸ்டத்துல எல்லாம் செய்யக்கூடிய ஆள்ற உரிமை, வேணும், இல்லாட்டி ஷடோ குரூப் உரிமை வேணும். அப்ப உங்கட முழுப் புரோகிராமும் அந்த உரிமையோட ஓடுது, மெனு காட்டுற இடத்துல ஒரு சின்னப் பிழை இருந்தாலும் லேப்ல உள்ள எல்லாற்ற ஹாஷும் வெளியில போற வழி திறந்திரும்.

இதுக்கு ஒரு லைப்ரரி ஏன் வந்தது எண்டு தெரிஞ்சா விசயம் மனசில நிக்கும். 1979ல ரொபர்ட் மொறிஸும் கென் தொம்ப்சனும் யுனிக்ஸ் பாஸ்வேர்ட் பற்றி ஒரு கட்டுரை எழுதினாங்க, அதில சொன்ன முறைதான் கன காலம் ஓடினது. டெஸ் எண்ட மறைகுறியாக்க முறையை 25 தரம் ஓட்டுறது, 12 பிட் சால்ட் (ஒரே பாஸ்வேர்டுக்கும் வேற வேற ஹாஷ் வரப் பண்ணச் சேக்கிற துண்டு), அதாவது 4096 விதம், பாஸ்வேர்ட்ல முதல் 8 எழுத்து மட்டும் கணக்கு. மெஷின் வேகம் கூடக் கூட அது போதாமப் போச்சு. 1994ல போல் ஹெனிங் காம்ப் ஃப்ரீபிஎஸ்டிக்கு எம்டி5 வச்சு ஒண்டு செஞ்சார், 1999ல ப்ரோவோஸும் மசியேரும் பீகிரிப்ட் கட்டுரையை வெளியிட்டாங்க, 2007ல உல்ரிக் ட்ரெப்பர் ஷா வச்ச முறைகளைக் கொண்டு வந்தார், 2021ல வந்த டெபியன் 11ல புதுப் பாஸ்வேர்டுக்கு யெஸ்கிரிப்ட்தான் டிஃபோல்ட். ஹாஷ் முறை மட்டும் மாறினா கிரிப்ட் ஃபங்ஷனே அதைச் சமாளிச்சிரும். ஆனா கேர்பரோஸ் எண்ட நெட்வேர்க் வழி முறை, ஒரு தரம் மட்டும் பாவிக்கிற பாஸ்வேர்ட், ஸ்மார்ட் கார்ட் எண்டு ஆளைச் சரிபாக்கிற முறையே மாறேக்க லொகின், எஸ்யூ, எஃப்டிபி, ஸ்க்ரீன் லொக் எண்டு ஒவ்வொண்டையும் தனித்தனியாத் திறந்து திருத்தவேண்டி வந்தது. சன் நிறுவனத்தில வேலை செஞ்ச விபின் சமரும் ரோலண்ட் ஷெமர்ஸும் 1995 ஒக்டோபர்ல இதுக்கு ஒரு யோசனை எழுதினாங்க: புரோகிராம் சும்மா 'இந்த ஆளைச் சரிபாத்துத் தாங்க' எண்டு ஒரு லைப்ரரியிட்ட கேக்கட்டும், எப்பிடிச் சரிபாக்கிற எண்டதை அட்மின் ஒரு ஃபைல்ல எழுதி வைக்கட்டும். அதுதான் பாம். 1996ல ரெட் ஹாட் லினக்ஸுக்கு வந்து இப்ப உங்கட உபுண்டுவிலயும் இருக்கு.

நீங்க செய்யவேண்டிய வரிசை இது. பாம்_ஸ்டார்ட் கூப்பிட்டு சேர்விஸ் பெயரும் யூசர்நேமும் குடுங்க. பிறகு பாம்_ஆதென்டிகேட், இது ஆள் உண்மையிலயே அந்த ஆள்தானா எண்டு பாக்கும். அதோட நிப்பாட்டிப் போடாதீங்க, நான் பாக்கிற மாணவர் கோட்ல கூடுதலா விடுபடுறது அடுத்த வரிதான்: பாம்_அக்ட்_எம்ஜிஎம்டி. அந்த முடிவுத் திகதி இருக்கே, அதைப் பாக்கிறது இந்த ஃபங்ஷன்தான், இந்த நேரத்துல வரலாமா, இந்த மெஷினுக்கு வரலாமா எண்ட கேள்வி எல்லாம் இதுக்குள்ளதான் வரும். ரெண்டும் சரி எண்டு வந்தா மட்டும் உள்ள விடுங்க. உங்கட புரோகிராம் ஆளுக்கு ஒரு ஷெல் (கொமாண்ட் அடிக்கிற இடம்) திறந்து குடுக்கிற மாதிரி எண்டா அதுக்குப் பிறகு பாம்_செட்க்ரெட், பாம்_ஓபன்_செஷன். சும்மா உள்ள விட்டாக் காணும் எண்டா அது ரெண்டும் தேவல்ல. கடைசியில எது நடந்தாலும் பாம்_எண்ட்.

கன பேர் தடுமாறுற இடம் கொன்வசேஷன் ஃபங்ஷன். ஆளைச் சரிபாக்க பாம் கூப்பிடுற துண்டுக்குப் பெயர் மொடியூல். அதுக்கு உங்கட ஸ்க்ரீன் எப்பிடி இருக்கு எண்டு தெரியாது, உங்களுக்கு மொடியூல் என்ன கேக்கப் போகுது எண்டு தெரியாது. ஆஸ்பத்திரியில சிங்களம் மட்டும் தெரிஞ்ச டொக்டருக்கும் தமிழ் மட்டும் தெரிஞ்ச அம்மாவுக்கும் நடுவில ஒராள் நிண்டு கேட்டுச் சொல்லுவாரே, அந்த வேலைதான் இந்த ஃபங்ஷனுக்கு, அவர் தானா மறுமொழி சொல்லப்படாது. ஆனா இன்டர்நெட்ல கிடக்கிற மாதிரிக் கோட் கனத்துல, என்ன கேள்வி வந்தாலும் முதல்லயே வாங்கி வச்ச பாஸ்வேர்டையே திருப்பிக் குடுக்கிற மாதிரித்தான் எழுதியிருக்கும். அட்மின் நாளைக்கு ஃபோன்ல வாற கோட் கேக்கிற மொடியூல் ஒண்டைச் சேத்தா அதுக்கும் உங்கட புரோகிராம் பாஸ்வேர்டைத்தான் குடுக்கும், ஒருத்தரும் உள்ள வர ஏலாது. மெசேஜ் நாலு வகை வரும்: மறைச்சுக் கேக்கிறது, காட்டிக் கேக்கிறது, பிழைச் செய்தி, சும்மா தகவல். நாலையும் பிரிச்சுப் பாத்து நடங்க. மறுமொழியை மெலொக் ஃபங்ஷனால எடுத்த மெமரி இடத்துல வச்சுத்தான் குடுக்கணும், அதை ஃப்ரீ பண்றது மொடியூல் பக்கத்து வேலை.

இன்னொண்டு, உங்கட சேர்விஸ் பெயருக்கு எட்சி டைரக்டரிக்குள்ள இருக்கிற பாம்.டி ஃபோல்டர்ல ஒரு ஃபைல் எழுதி வைங்க. அது இல்லாட்டி பாம் 'அதர்' எண்ட ஃபைலை எடுக்கும். டெபியன், உபுண்டுவில அந்த ஃபைல் வழமையான லொகின் முறையையே கூப்பிடும், ஃபெடோராவில எல்லாரையும் மறுக்கும். வீட்டு லெப்டொப்ல ஓடினது டெமோ நேரத்துல வேற மெஷின்ல ஓடல்ல எண்டா முதல்ல இதைப் பாருங்க.

கேள்வி: லினக்ஸ்ல பாம் வச்சு எழுதின ஒரு சின்ன சேர்வரை ஓபன்பிஎஸ்டி எண்ட யுனிக்ஸ் வகைச் சிஸ்டத்துக்கு மாத்தினன். அங்க பாம் இல்ல எண்டபடியால் ஆத்_யூசர்ஓகே எண்ட ஃபங்ஷனைப் போட்டன். இப்ப பிழையான பாஸ்வேர்ட் அடிச்சா உள்ள விடுது, சரியானதை அடிச்சா விடுதில்ல.
– டெவலப்பர், கல்முனை

பதில்: தம்பி, அந்த சேர்வரை உடன நிப்பாட்டிப்போட்டு மிச்சத்தை வாசிங்க.

பாம்_ஆதென்டிகேட் சரி எண்டா பாம்_சக்ஸஸ் எண்டதைத் திருப்பித் தரும், அதின்ட பெறுமதி பூச்சியம். ஆத்_யூசர்ஓகே நேர்மாறு, பூச்சியம் எண்டா ஆள் சரியில்ல, பூச்சியம் இல்லாத எது வந்தாலும் சரி. நீங்க பழைய இஃப் வரியை அப்பிடியே விட்டுட்டு ஃபங்ஷன் பெயரை மட்டும் மாத்தியிருக்கீங்க. இதை உங்கட கவனக்குறைவு எண்டு மட்டும் சொல்ல எனக்கு மனமில்ல, ஏனெண்டா ஓபன்பிஎஸ்டிக்குள்ளயே கிரிப்ட்_செக்பாஸ் எண்ட ஃபங்ஷன் சரி எண்டா பூச்சியமும் பிழை எண்டா மைனஸ் ஒண்டும் தருது. ஒரே சிஸ்டத்துல ரெண்டு ஃபங்ஷன் ரெண்டு திசையில நிக்குது. இதுக்கு வழி, ஒவ்வொரு ஃபங்ஷன்ற மேனுவல் பக்கத்துலயும் திருப்பித் தாற பெறுமதி பற்றின பகுதியை வாசிச்சு, அதை உங்கட சொந்த ஃபங்ஷன் ஒண்டுக்குள்ள மூடி வைக்கிறது. 'உள்ளவிடலாம்' எண்டு ஒரு வேரியபிள் வைங்க, தொடக்கத்துல இல்லை எண்டு வைங்க, ஒரே ஒரு இடத்துல மட்டும் அதை ஓம் எண்டு மாத்துங்க. நெட்வேர்க் பிழை, மெமரி காணாது, ஃபைல் திறக்கல்ல, இப்பிடி எது நடந்தாலும் அது இல்லையாவே இருக்கட்டும். டெஸ்ட் பண்றதும் அப்பிடித்தான், சரியான பாஸ்வேர்ட் உள்ள விடுதா எண்டு மட்டும் பாத்துட்டு எழும்பாதீங்க. பிழையான பாஸ்வேர்ட், வெறும் பாஸ்வேர்ட், இல்லாத யூசர், லொக் பண்ணின யூசர், எல்லாம் அடிச்சுப் பாருங்க.

ஓபன்பிஎஸ்டி ஏன் பாமை எடுக்கல்ல எண்டதையும் சொல்லிர்ரன், எனக்குப் பிடிச்ச வேலைப்பாடு அது. பாம்ல மொடியூல் உங்கட புரோகிராமுக்குள்ளயே வந்து ஏறி ஓடுது, உங்கட மெமரி, உங்கட உரிமை எல்லாம் அதுக்கும் சொந்தம். பிஎஸ்டி ஆத் எண்ட முறை பிஎஸ்டிஐ நிறுவனத்திட்ட இருந்து வந்தது. அதில ஒவ்வொரு சரிபாக்கிற முறையும் ஒரு தனிப் புரோகிராம். பாஸ்வேர்டுக்கு லொகின்_பாஸ்டபிள்யூடி, யூபிகீ எண்ட யூஎஸ்பி சாவிக்கு லொகின்_யூபிகீ எண்டு தனித்தனிப் ப்ரொசஸா ஓடி, மூண்டாம் நம்பர் ஃபைல் டிஸ்க்ரிப்டர் வழியா மறுமொழி சொல்லிப்போட்டுச் செத்திரும். எந்த யூசர் வகுப்புக்கு எந்த முறை எண்டதை லொகின்.கொன்ஃப் ஃபைல் சொல்லும். ஹாஷைத் தொடுறது அந்தச் சின்னப் புரோகிராம் மட்டும்தான், உங்கட சேர்வருக்கு விடை மட்டும்தான் வரும்.

அதுக்காக அதில ஓட்டையே வராது எண்டில்ல. 2019 டிசம்பர்ல குவாலிஸ் நிறுவனம் ஒண்டைக் கண்டுபிடிச்சுச் சொன்னது, பாதுகாப்பு ஓட்டைகளைப் பதியிற பட்டியல்ல சிவிஇ-2019-19521 எண்டு பதிவாகியிருக்கு. தனிப் புரோகிராம் எண்டபடியா யூசர்நேமை கொமாண்ட் லைன் வழியாத்தான் குடுக்கிறாங்க. ஒருத்தர் யூசர்நேமை மைனஸ் குறியில தொடங்கி எஸ் எழுத்தும் அதோட சேத்து சேலஞ்ச் எண்ட சொல்லும் அடிச்சா, லொகின் புரோகிராம் அதைப் பெயர் எண்டு எடுக்காம ஒப்ஷன் எண்டு எடுத்திட்டு, பாஸ்வேர்டே பாக்காம சரி எண்டு சொல்லிட்டு. எஸ்எம்டிபிடி, எல்டாப்டி, ரேடியஸ்டி எண்ட மூண்டு சேர்வர் புரோகிராமையும் வெளியில இருந்தே இப்பிடி ஏமாத்த முடிஞ்சது. இப்ப மைனஸ்ல தொடங்கிற பெயரை லைப்ரரியே எடுக்காது. எண்டாலும் உங்கட பக்கத்துலயும் யூசர்நேமுக்கு ஒரு கட்டுப்பாடு வைங்க, ஆங்கில எழுத்துல தொடங்கணும், எழுத்தும் இலக்கமும் அடிக்கோடும் மட்டும் எண்டு. ஆத்_யூசர்ஓகேக்கு ஸ்டைல், அதாவது சரிபாக்கிற முறை எது எண்டதை, குடுக்காம நல் எண்டு விட்டா பெயருக்குள்ள முக்காற்புள்ளி வந்தாலும் பிரச்சினை, அதுக்குப் பிறகு வாறதை அந்த ஃபங்ஷன் சரிபாக்கிற முறையின்ட பெயர் எண்டு எடுக்கும், அதாவது யூசர் தானே முறையைத் தெரிவு செய்யலாம். அது உங்களுக்கு வேணுமா வேண்டாமா எண்டு நீங்கதான் முடிவெடுக்கணும், தெரியாம நடக்கப்படாது.

கேள்வி: ஓபன்பிஎஸ்டியின்ட ஆத்_யூசர்ஓகே ஃபங்ஷனுக்கு டெஸ்ட் பண்ண பாஸ்வேர்டை நேரடியா கோட்டேஷனுக்குள்ள எழுதிக் குடுத்தா புரோகிராம் செக்மென்டேஷன் ஃபோல்ட் எண்டு விழுது. வேரியபிள்ல குடுத்தா விழுதில்ல, ஆனா பிறகு அந்த வேரியபிளைப் பாத்தா வெறுமையா இருக்கு.
– மாணவர், ஒலுவில்

பதில்: ரெண்டுக்கும் ஒரே காரணம். ஆத்_யூசர்ஓகே தனக்குக் குடுத்த பாஸ்வேர்டை வேலை முடிய முதல் பூச்சியத்தால அழிச்சுப்போட்டுத்தான் திரும்பும், மேனுவல்லயே அப்பிடி எழுதியிருக்கு. கோட்டேஷனுக்குள்ள எழுதினது வாசிக்க மட்டும் ஏலுமான இடத்துல கிடக்கும், அதை அழிக்கப் போனதால விழுந்திட்டு. கெரெக்டர் அரே ஒண்டுக்குள்ள கொப்பி பண்ணிக் குடுங்க. அது அழிக்கிறது நல்ல பழக்கம், பாஸ்வேர்ட் மெமரியில எவ்வளவு நேரம் கிடக்குதோ அவ்வளவு நேரம் கோர் டம்ப்ல (புரோகிராம் விழேக்க எழுதுற மெமரிக் கொப்பி), ஸ்வொப்ல (மெமரி காணாட்டி டிஸ்க்ல எழுதுற இடம்) வெளியில போகலாம். நீங்களும் உங்கட கொப்பிகளை எக்ஸ்ப்ளிசிட்_பீசீரோ வச்சு அழிங்க. சும்மா மெம்செட் போட்டா, பிறகு பாவிக்காத வேரியபிள்தானே எண்டு கொம்பைலர் அந்த வரியையே தூக்கிரும்.

கேள்வி: எங்கட ஊர் சங்கத்துக்கு ஒரு வெப்சைட் செய்யிறன். அங்கத்தவர்கள் லினக்ஸ் சேர்வர்ல இருக்கிற அக்கவுண்டாலயே உள்ள வரணும் எண்டு பாம் வச்சன். ரூட்டா ஓட்டினா வேலை செய்யுது, வெப் சேர்வர்ற யூசரா ஓட்டினா எல்லாற்ற பாஸ்வேர்டும் பிழை எண்டுது. வெப் சேர்வரை ஷடோ குரூப்ல சேக்கச் சொல்லி ஒரு இடத்துல கண்டன், செய்யலாமா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: தயவுசெய்து செய்யாதீங்க. அப்பிடிச் செஞ்சா வெப்சைட்ல எங்கயாவது ஒரு ஃபைல் அப்லோட் ஓட்டை இருந்தாக் காணும், சேர்வர்ல உள்ள எல்லாற்ற ஹாஷையும் அள்ளிட்டுப் போயிருவாங்க, ரூட்டுக்கு ஒரு பாஸ்வேர்ட் இருந்தா அதின்ட ஹாஷும் சேந்து போகும்.

அது ஏன் பிழை எண்டுது எண்டா, மொடியூல் ஓடுறது உங்கட உரிமையோட. பாம்_யுனிக்ஸ் மொடியூலுக்கு ஷடோவை வாசிக்க ஏலாட்டி யுனிக்ஸ்_செக்பிடபிள்யூடி எண்ட ஒரு உதவிப் புரோகிராமைக் கூப்பிடும், அந்தப் புரோகிராம் கூப்பிட்ட ஆள்ற சொந்தப் பாஸ்வேர்டை மட்டும்தான் சரிபாத்துச் சொல்லும், மற்றவங்கடயைச் சொல்லாது. சொன்னா சேர்வர்ல அக்கவுண்ட் உள்ள எவரும் மற்றவங்கட பாஸ்வேர்டை இருந்து இருந்து ஊகிச்சுப் பாக்கலாமே. அது பிழை இல்ல, காவல்.

உண்மையிலயே சிஸ்டம் அக்கவுண்ட்தான் வேணும் எண்டா ரூட்டா ஓடுற மிகச் சின்ன ஒரு புரோகிராம் தனியா இருக்கட்டும், வெப் பக்கம் யுனிக்ஸ் சொக்கெட் வழியா அதிட்ட கேக்கட்டும், அது ஓம் இல்லை எண்டு மட்டும் சொல்லட்டும். சைரஸ் சாஸ்ல் எண்ட சரிபாக்கிற லைப்ரரித் தொகுதியோட வாற சாஸ்ல்ஆத்டி செய்யிறது இந்த வேலைதான், புதுசா எழுதத் தேவல்ல. ஓபன்பிஎஸ்டியில இதையே ஆத் எண்ட குரூப்பால செய்யிறாங்க, லொகின் புரோகிராம்கள் இருக்கிற ஃபோல்டருக்குள்ள அந்தக் குரூப்ல உள்ள ஆள்தான் போகலாம்.

ஆனா அண்ணை, என்ட அபிப்பிராயம் வேற. சங்க அங்கத்தவருக்கு சந்தாக் கணக்கைப் பாக்கத்தான் லொகின் வேணும், சேர்வர்ல ஒரு ஷெல் அக்கவுண்ட் அவருக்கு என்னத்துக்கு? அந்தப் பாஸ்வேர்ட் ஒண்டு வெளியில போனா எஸ்எஸ்எச் வழியா மெஷினுக்குள்ளயே வந்திருவாங்க. டேட்டாபேஸ்ல ஒரு டேபிள் வைங்க, பிஎச்பி எண்டா 5.5லயே பாஸ்வேர்ட்_ஹாஷ், பாஸ்வேர்ட்_வெரிஃபை எண்டு ரெண்டு ஃபங்ஷன் வந்திட்டு, சால்ட் போடுறது, ஒப்பிடுறது எல்லாம் அதுக்குள்ளயே முடிஞ்சிரும். சிஸ்டம் அக்கவுண்ட் சேர்வரைப் பராமரிக்கிற ஆக்களுக்கு மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லு பாஸ்வேர்ட் ஞாபகத்துல நிக்குதில்ல. தமிழ்லயே பாஸ்வேர்ட் வைக்கலாமா? ஒரு பிள்ளை வச்சுப் பாத்தான், பாடசாலை மெஷின்ல வேலை செஞ்சது, வீட்ட போய் ஃபோன்ல அதே சொல்லை அடிச்சா பிழை எண்டுது.
– ஆசிரியர், கொக்கட்டிச்சோலை

பதில்: சேர், நல்ல கேள்வி, எங்கட ஆக்கள்தான் இதை யோசிச்சுச் சொல்லவும் வேணும், தமிழ் பாவிக்காத ஆக்கள் எழுதின வழிகாட்டிகள்ல இது வாறது குறைவு.

லைப்ரரிக்கு எழுத்து எண்டா என்ன எண்டு தெரியாது, பைட் மட்டும்தான் தெரியும். உங்கட ஊர்ப் பெயரையே எடுப்பம். கொக்கட்டிச்சோலையில முதல் எழுத்து 'கொ'. யுனிகோட்ல இதை ரெண்டு விதமா எழுதலாம். 'க'வுக்குப் பிறகு ஒகரக் குறியை ஒரே குறியாப் போடலாம், இல்லாட்டி ஒற்றைக் கொம்பு ஒரு குறி, கால் ஒரு குறி எண்டு ரெண்டாப் போடலாம். ஸ்க்ரீன்ல பாத்தா ரெண்டும் ஒண்டுதான், ஒரு வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியாது. ஆனா உள்ள பைட் வேற, ஒண்டில அந்தக் குறிக்கு 3 பைட், மற்றதில 6 பைட். 'சோ'வுக்கும் இதே கதை. பைட் வேற எண்டா ஹாஷ் முழுக்க வேற, அப்ப பாஸ்வேர்ட் பிழை. ஒரு கீபோர்ட் ஒரு விதமாவும் இன்னொரு கீபோர்ட் மற்ற விதமாவும் அனுப்பினா உங்கட மாணவனுக்கு நடந்தது நடக்கும். அவன் சரியாத்தான் அடிச்சிருப்பான், அவனைப் பேசவேண்டாம். பாஸ்வேர்ட் பெட்டியில வெறும் புள்ளிதான் தெரியும் எண்டபடியா அவனால பிழை எங்க எண்டு பாக்கவும் ஏலாது.

இதைச் சீராக்க வழி இருக்கு. ஹாஷ் பண்ண முதல் எல்லாத்தையும் ஒரே விதமாக்கிற என்எஃப்சி எண்ட முறை, 2017ல வந்த ஆர்எஃப்சி 8265 எண்ட இன்டர்நெட் நியமம் பாஸ்வேர்டுக்கு அதைத்தான் சொல்லுது. ஆனா பாமும் சரி பிஎஸ்டி ஆத்தும் சரி அதைத் தாங்களாச் செய்யாது, வந்த பைட்டை அப்பிடியே எடுக்கும். நீங்களே எழுதுற வெப் புரோகிராம் எண்டா பாஸ்வேர்ட் வைக்கிற இடத்துலயும் சரிபாக்கிற இடத்துலயும் என்எஃப்சி போட்டுட்டுப் பிறகு ஹாஷ் பண்ணுங்க, தமிழ் தாராளமா ஓடும்.

அடுத்தது நீளம். தமிழ்ல ஒரு குறிக்கு யூடிஎஃப்-8ல 3 பைட். 'மட்டக்களப்பு' எண்டது எங்கட கண்ணுக்கு 8 எழுத்து, யுனிகோட்ல புள்ளியும் உகரக் குறியும் தனித்தனி எண்டபடியா 12 குறி, 36 பைட். பீகிரிப்ட் முதல் 72 பைட்டுக்கு மேல பாக்காது. அப்ப ஒருத்தர் மட்டக்களப்பு எண்டு ரெண்டு தரம் அடிச்சு அதுக்குப் பின்னால என்ன ரகசியத்தைச் சேத்தாலும் அது கணக்கிலயே வராது, பின்னால எதை மாத்தி அடிச்சாலும் உள்ள விடும். இங்கிலீஷ்ல 72 எழுத்துப் பாஸ்வேர்ட் ஒருத்தரும் வைக்கிறதில்ல எண்டு இதை லேசா எடுப்பாங்க, தமிழ்ல 24 குறியில முடிஞ்சிரும். இந்த எல்லையால பெரிய இடத்துக்கும் அடி விழுந்திருக்கு. 2024 ஒக்டோபர்ல லொகின் சேவை குடுக்கிற ஒக்டா நிறுவனம் வெளியிட்ட அறிவிப்புல, யூசர் ஐடி, யூசர்நேம், பாஸ்வேர்ட் மூண்டையும் ஒட்டி பீகிரிப்ட் போட்டிருந்ததாலதான் 52 எழுத்தோ அதுக்கு மேலயோ உள்ள யூசர்நேம் எண்டா சில சந்தர்ப்பத்துல பாஸ்வேர்டே பாக்காம உள்ள வரக்கூடியதா இருந்தது எண்டு சொல்லியிருந்தாங்க. பழைய டெஸ் முறையில எண்டா 8 பைட்தான், தமிழ்ல மூண்டு குறி கூட முழுசா அடங்காது.

ஆனா லினக்ஸ் லொகினுக்கே தமிழ் வைக்கிற எண்டா நான் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். ஒரு நாளைக்கு கிராஃபிக்ஸ் வேலை செய்யாம கறுப்புத் திரை லொகின் மட்டும் வந்தா, அங்க தமிழ் கீபோர்ட் மாத்துற ஐகன் இல்ல, எப்பிடி அடிப்பீங்க?

பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்லுறன். எங்கட கந்தோர்கள்லயும் அச்சகங்கள்லயும் பாமினி முறையில அடிச்சுப் பழகின கை கனக்க. பாமினி எழுத்துருவில நாங்க தமிழ் எண்டு பாக்கிறது உள்ள இங்கிலீஷ் கீபோர்ட் எழுத்துதான், புள்ளி எண்டு அடிக்கிறது உண்மையில அரைப்புள்ளி. அப்ப கீபோர்டை இங்கிலீஷ்லயே விட்டுட்டு பாமினி அடிக்கிற மாதிரி நாலஞ்சு தமிழ்ச் சொல்லை அடிங்க, மனசில தமிழ் வசனம் நிக்கும், மெஷினுக்குப் போறது எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கிற சாதாரண எழுத்து, ஒரு எழுத்துக்கு ஒரு பைட். பாமினி தெரியாத பிள்ளைகள் ஃபோன்ல மெசேஜ் அடிக்கிற மாதிரி இங்கிலீஷ் எழுத்தாலயே தமிழை எழுதலாம். ஊர்ப் பெயர் ஒண்டு, கோயில் பெயர் ஒண்டு எண்டு வைக்கவேண்டாம், தெரிஞ்ச ஆக்கள் முதல்ல அடிச்சுப் பாக்கிறது அதைத்தான். ஒண்டோட ஒண்டு சம்பந்தமில்லாத சொல்லுகளா இருக்கட்டும்.

கேள்வி: யூசர்நேம் பிழையா பாஸ்வேர்ட் பிழையா எண்டு தனித்தனியாச் சொன்னா பாவிக்கிற ஆக்களுக்கு லேசுதானே, ஏன் எல்லாரும் ஒரே மெசேஜ் காட்டுறாங்க?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: லேசுதான், ஊகிச்சுப் பாக்கிறவனுக்கும் அது லேசு. எந்தப் பெயர் இருக்கு எண்டு முதல்ல பட்டியல் எடுத்துட்டு அந்தப் பெயருக்கு மட்டும் பாஸ்வேர்ட் அடிச்சுக்கொண்டே இருப்பான். மெசேஜை ஒண்டாக்கினாலும் காணாது, நேரத்தையும் பாக்கணும். பெயர் இல்லாட்டி உங்கட கோட் ஹாஷ் பண்ணாம உடன திரும்பிட்டா அந்த வித்தியாசத்தை வெளியில இருந்து அளக்கலாம். 2016ல ஓபன்எஸ்எஸ்எச்லயே இது வந்தது, இல்லாத யூசருக்கு ஒரு பொய் பீகிரிப்ட் ஹாஷ் வச்சிருந்தாங்க, ஆனா உண்மையான யூசர்களுக்கு ஷா முறை, மிக நீளமான பாஸ்வேர்ட் ஒண்டை அனுப்பினா உண்மையான யூசருக்குக் கூடுதலான நேரம் எடுத்தது. மேல சொன்ன ஓபன்பிஎஸ்டியின்ட கிரிப்ட்_செக்பாஸ் இதை நல்லாச் செய்யுது, ஹாஷ் இருக்கிற இடத்துல நல் எண்டு குடுத்தா கட்டாயம் பிழை எண்டுதான் சொல்லும், ஆனா அதுக்கு முதல் ஹாஷ் பண்ற அளவு வேலையைச் செஞ்சுபோட்டுத்தான் சொல்லும். யூசர் கிடைக்காட்டி உடன திரும்பாம நல் குடுத்து அதைக் கூப்பிடுங்க தங்கச்சி.

கேள்வி: பாம்.டி ஃபோல்டர்ல ஒரு வரி மாத்தினன், இப்ப சூடோவும் இல்ல லொகினும் இல்ல. உபுண்டு. ஃபோர்மட் பண்ணாம வழி இருக்கா?
– மாணவர், ஏறாவூர்

பதில்: ஃபோர்மட் தேவல்ல. ரீபூட் பண்ணி க்ரப் மெனுவில ரிக்கவரி மோட் எடுத்து ரூட் ஷெல்லுக்குப் போங்க, டிஸ்க்கை எழுதக்கூடிய மாதிரி ரீமவுண்ட் பண்ணுங்க, மாத்தின ஃபைலைப் பழைய மாதிரி ஆக்குங்க. எது பழைய மாதிரி எண்டு ஞாபகம் இல்லாட்டி, கொமன் எண்டு தொடங்கிற ஃபைல்களை பாம்-ஆத்-அப்டேட் எண்ட கொமாண்டை ஃபோர்ஸ் ஒப்ஷனோட ஓட்டித் திருப்பி எழுதலாம். அடுத்த முறை கை வைக்க முதல் ஃபைலை கொப்பி எடுங்க, ஒரு டேர்மினல்ல ரூட்டா உள்ள போய் அதை மூடாம வைங்க, மாத்தினதை இன்னொரு டேர்மினல்ல சரிபாருங்க. சஃபிஷண்ட் எண்டு எழுதின வரி ஓம் சொன்னா கீழ உள்ள வரிகளைப் பாக்காமலே உள்ள விட்டிரும், அதால வரி ஒழுங்கு மாறினா அர்த்தமே மாறும். கடைசி வரியா பாம்_பெர்மிட் மட்டும் நிண்டு, மேல உள்ள எதுவும் இல்லை எண்டு மறுக்காம இருந்தா எவரும் உள்ள வரலாம். அதால சரியான பாஸ்வேர்ட் வேலை செஞ்ச கையோட பிழையானது ஒண்டையும் அடிச்சு, அது மறுக்குது எண்டதைக் கண்ணால கண்ட பிறகு அந்த ரூட் டேர்மினலை மூடுங்க.